காயலோர லைனில் எஞ்சின் ஏறப்போகும் மகளுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன் மாமா ஏற்கெனவே உனக்கு போனில் சொல்லியிருப்பான். சொல்லாதே என்று எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்லுவான். உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம், அவ்வளவுதான். ஆவணி பிறந்ததும் காயலோர லைனில் எஞ்சின் ஓட்டும் வேலையில் சேரச் சொல்லி வந்த உத்தரவை நீ போனில் காட்டினாய். "சந்தோசந்தானம்மா?" என்று கேட்டாய். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் குழம்பே இல்லை. நீயும் அதைக் கண்டுபிடித்திருப்பாய், ஆனாலும் ஒன்றும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். போனில் பேசலாம் என்றால் இரண்டு வார்த்தைக்குள் எனக்கு அழுகை வந்துவிடும், உனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நீ மட்டும் படிப்பதற்கென்று ஒளித்து எழுதவில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும், உன் மேலதிகாரி படிக்கட்டும், தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுக்கிறவர்களும் படிக்கட்டும். லைன் இருக்கிற நகரத்தின் பேரையும் கம்பெனி பேரையும் மட்டும் எழுதவில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொட்டப்பிள்ளை ரயில் ஓட்டுவதா, இவளை எவன் கட்டுவான் என்று இங்கே கல்யாண வீடு, காதுகுத்து வீடு எல்லாவற்றிலும் பேசுகிறார்களே, என் பயம் அந்த ஜாதி இல்லை. அப்படிப் பேசியவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. நீ ஓட்டுவாய். நன்றாகவே ஓட்டுவாய். எட்டு வயதில் உன் அப்பா மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்து, மீன் விற்கிறவர்களை எல்லாம் கூடையோடு எழுப்பி விட்டவள் நீ. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுகூட அதில் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த லைனின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நாங்கள் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம்.

வெள்ளைக்காரன் காயலைத் தோண்டித் துறைமுகம் கட்டியபோது போட்ட லைன் அது. பெரிய ஸ்டேஷனின் சரக்கு யார்டில் பிரிந்து, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, காயல் கரையை ஒட்டிப் போய் கப்பல் மேடையில் முடிந்துவிடும். சைக்கிளில் போனால் வியர்ப்பதற்குள் கடைசிக்குப் போய்விடலாம். அதில் ஆள் ஏறுகிற பெட்டி ஒருநாளும் ஓடியதில்லை. பெரிய ரயில் கொண்டுவந்து விட்ட வேகன்களைப் பிரித்து, இது மர டிப்போவுக்கு, இது எண்ணெய் மில்லுக்கு, இது உரக் கிடங்குக்கு, இது அரிசிக் குடோனுக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். காலி வேகன்களை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அந்த எஞ்சினுக்கு வேலை. நாளெல்லாம் முன்னே, பின்னே, முன்னே, பின்னே. உன் அப்பா அதை மாட்டு வேலை என்பார். ஆனால் அந்த நகரத்தில் சோப்புக்கட்டி வாங்கியவனும், உரம் போட்டவனும், ரேஷன் அரிசி தின்றவனும் அந்த மாடு இழுத்ததைத்தான் வாங்கினான், போட்டான், தின்றான். லைன் நின்ற அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் அது நின்றது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நம் ஆட்கள் அங்கே போனதற்குக் காரணம் தண்ணீர்தான். நம் முதலமடைப் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நிலம். மாமரத்தை வைத்துவிட்டு அது காய்க்கும் வரை என்ன தின்பது? ரயில் வேலைக்கு ஒருத்தர் போனார், அவர் பின்னால் அவர் மச்சான் போனார், அப்படியே ஒரு கூட்டம் போனது. லைனுக்குள் பாதிப் பேர் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழில்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள். என்னைக் கட்டிக்கொண்டு உன் அப்பா கூட்டிப் போனபோது, காயலைப் பார்த்த மாதிரி வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் எண்ணெய் மில்லின் நெடி. வந்த புதிதில் எஞ்சின் வேகனை இடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் கெட்டது என்று பின்னால் தெரிந்தது.

வேகனையும் வேகனையும் மாட்டுவதற்கு ஓர் ஆள் இரண்டுக்கும் நடுவே நுழைய வேண்டும். குனிந்து போய், கனமான இரும்புக் கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகாணியைச் சுற்றி இறுக்க வேண்டும். அவன் உள்ளே இருக்கும்போது எஞ்சின் ஒரு முழம் நகர்ந்தாலும் போதும். எஞ்சின் ஓட்டுகிறவர் இந்தக் கோடியில், மாட்டுகிறவன் அந்தக் கோடியில், நடுவில் வளைவும் மதில் சுவரும். ஆகவே உள்ளே போகிறவன் சிவப்புக் கொடியை வேகன் பக்கத்தில் சொருகிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். கொடி ஆபீஸ் அலமாரியில் இருக்கும், அலமாரிச் சாவி ஆபீசர் இடுப்பில் இருக்கும். நம் ஆட்கள் தோளில் துண்டு எப்போதும் இருக்கும். எனவே கொடிக்குப் பதில் துண்டு என்று ஆகிவிட்டது. நுழைவதற்கு முன் தோள் துண்டை எடுத்து வேகன் கைப்பிடியில் மாட்டிவிட்டு நுழைவார்கள், வெளியே வந்ததும் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். துண்டு தொங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒருத்தன் துண்டை இன்னொருத்தன் தொடக் கூடாது. அண்ணன் துண்டைத் தம்பிகூட எடுக்க மாட்டான். எழுதாத சட்டம்தான், ஆனால் எழுதின சட்டத்தைவிட ஒழுங்காக நடந்தது.

நீ என் வயிற்றில் இருந்தபோது உன் மாமாவையும் உன் அப்பா அங்கே சொல்லிச் சேர்த்துவிட்டார். உரக் கிடங்கின் வாசலுக்குள் வேகன் மாட்டுகிற கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் கிடங்குக்காரரின் ஆட்கள், எஞ்சின்காரர்கள் லைன் ஆட்கள். அந்தக் கிடங்கு வாசலைத் தாண்டி எஞ்சின்காரர் இறங்கி உள்ளே போகக் கூடாது, இவர்கள் டீ வேறு, அவர்கள் டீ வேறு. உன் மாமா சேர்ந்தது அந்தக் கூட்டத்தில். அதில் ஆறுச்சாமி என்று ஒரு பையன் இருந்தான். மீனாட்சிபுரம் பக்கம். அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடிக்கு மாமனார் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டு வேட்டி துண்டு போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தான். எல்லாரும் கேலி செய்தார்களாம். மாப்பிள்ளைக்கு மூட்டைத் தூசி ஆகாது, யாராவது நாற்காலி கொண்டுவாருங்கள் என்று.

அன்றைக்குப் பகலில் நல்ல மழை, காயல் காற்று வேறு. ஆறுச்சாமி துண்டைத் தொங்கவிட்டு உள்ளே போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வந்தான். வந்தவன் துண்டை எடுக்காமல், கையைக் கழுவ வேகனுக்கு அந்தப் பக்கமாக நடந்தான். உன் மாமா அதைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் காற்றில் துண்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. மாமனார் வீட்டு ஆடித் துண்டு சேற்றில் கிடக்கலாமா? நம் பக்கத்தில் எவன் பார்த்துக்கொண்டு சும்மா போவான்? உன் மாமா அதை எடுத்தான். உதறி, மழை படாமல் மடித்து, டீக் கொட்டகையில் இருப்பான் என்று நினைத்து அவனிடம் கொடுக்கப் போனான். அதற்குள் ஆறுச்சாமிக்குத் திருகாணியைச் சரியாக இறுக்கினோமா என்று சந்தேகம் வந்திருக்கிறது. தன் துண்டுதான் இந்தப் பக்கம் தொங்குகிறதே என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கமாகவே மறுபடி உள்ளே நுழைந்துவிட்டான். வாசலில் நின்று கொடி காட்டுகிறவர் வேகன் வரிசையைப் பார்த்தார். துண்டு இல்லை. பச்சைக் கொடியைக் காட்டினார். உன் அப்பா எஞ்சினை நகர்த்தினார். உன் மாமா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் ஒவ்வொருவராக, "ஏனுங்க, ஆறுச்சாமியப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இதுதான் நாங்கள் வெட்டி எடுத்த துண்டு. அப்பாவின் எஞ்சினில் ஒருமுறை விபத்து நடந்தது என்பது உனக்குத் தெரியும். மாமா அதில் இருந்தான் என்பது தெரியாது. மாமா ஏன் தோளில் துண்டு போடுவதில்லை, கோயில் மரியாதைக்குப் போட வந்தாலும் ஏன் நழுவி ஓடுகிறான் என்று சின்ன வயதில் கேட்டு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அவனைக் கேட்காமல் இதை எழுத எனக்கு மனமில்லை. பக்கத்துத் தோப்பில் காவலுக்கு இருந்தவனை நேற்றுக் கூப்பிட்டு உட்கார வைத்து, இப்படி எழுதப் போகிறேன், ஊர் படித்தாலும் படிக்கும், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். கையிலிருந்த காவல் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு, "எழுதுங்கக்கா. எம்பேரப் போட்டே எழுதுங்க. அவ எஞ்சின்ல ஏறுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கோணும்" என்றான். பேரைப் போடவில்லை. அவன் சொன்னதே எனக்குப் போதும்.

விசாரணை நடந்தது. உன் அப்பா மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். உன் மாமா மேலும் ஒன்றும் எழுதவில்லை. துண்டு எந்தச் சட்டத்திலும் இல்லையே. பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் அப்பா மீனாட்சிபுரம் போனார். போக வேண்டாம், அடிப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. சுவரில் மாலை போட்டு ஒரு கல்யாணப் படம் இருந்தது. அதன் அடியில் அவனைக் கட்டிய பெண் உட்கார்ந்திருந்தாள், உன் வயதுகூட இருக்காது. அவள் உன் அப்பாவிடம், "ஏனுங்ணா, இவரு உங்ககூட எப்பவாச்சும் பேசியிருக்காருங்களா?" என்று கேட்டாள். உன் அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்த முகம் யாரென்று தெரியவில்லை. இரண்டு வருஷம் அந்தப் பையன் வேகனோரத்தில் நின்று தூக்கிக் காட்டிய கையைத் தெரியும். அவன் நடையைத் தெரியும், மழைக்கு மாட்டுகிற சாக்கைத் தெரியும். முகத்தை ஒருநாளும் கிட்டத்தில் பார்த்ததில்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "புள்ள, நாங் கொன்னவன் மொகம் எனக்குத் தெரீல." கொன்றேன் என்று சொல்லாதீர்கள் என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. நினைக்காமல் இருந்தாரா என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பின்னால் உன் அப்பா எஞ்சின் ஓட்டிய விதத்தை நீ பார்த்திருக்கிறாய். உனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பச்சைக் கொடி காட்டினாலும் கிளப்ப மாட்டார். எஞ்சினை விட்டு இறங்குவார், வேகன் வரிசையின் ஒரு பக்கமாகக் கடைசி வரை நடப்பார், மறு பக்கமாகத் திரும்பி வருவார். வாசலுக்குள் போகக் கூடாது என்ற சட்டத்தை மதிக்கவே இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் குனிந்து பார்ப்பார். அங்கே நிற்கிற ஆளின் முகத்தை நேராகப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். பிறகு வந்து ஏறி ஹாரன் அடித்து நகர்த்துவார். நீயும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். லைன் முழுக்க அவருக்கு நடைவண்டி என்று பேர் வைத்தார்கள். வேகன் தாமதமாகிறது என்று குடோன்காரர்கள் எழுதிப் போட்டார்கள். பதவி உயர்வு அவரைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களுக்குப் போனது. நானும் அவரைத் திட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பீர்கள், ஊரில் உலகத்தில் யாரும் எஞ்சின் ஓட்டவில்லையா என்று. அது தப்பு என்று இப்போதுகூட ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்த புருஷனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே வேறெங்கோ பார்ப்பார். தூக்கத்தில் காலை உதைத்து பிரேக் போடுவார். ஆனால் அவர் இருந்த வரை அந்த லைனால் இன்னொரு வீட்டில் மாலை போட்ட படம் மாட்டவில்லை.

லைன் செத்தது நம் கண் முன்னால்தான். பெரிய இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கி நேராக லாரியில் வைத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். மர டிப்போ மூடியது, எண்ணெய் மில் மூடியது, சோப்புக் கம்பெனி இடித்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. உரக் கிடங்கு மட்டும் கடைசி வரை வேகன் வாங்கியது. பிறகு ஒரு நாள் எஞ்சினைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார்கள். தண்டவாளத்தின் மேலேயே தார் போட்டார்கள். நாம் சாமான்களோடு முதலமடைக்குத் திரும்பியபோது நீ அழுதாய். உன் அப்பா அழவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. மாந்தோப்புக் குத்தகைக்காரரிடம் கணக்குப் பார்த்துக்கொண்டு, லாரி பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். இனிமேல் அந்த லைனோடு நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இப்போது தாரைப் பெயர்த்து அதே லைனை மறுபடி போட்டிருக்கிறார்கள். லாரிக்கு ரோட்டில் இடமில்லை, சிமெண்டையும் கோதுமையையும் ரயிலில் கொண்டுபோனால் மலிவு என்று கம்பெனிக்காரர் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குத்தான் நீ போகிறாய். அப்பா ஓட்டின லைன் என்று உனக்குப் பெருமை. கேமரா இருக்கிறது, வாக்கி டாக்கி இருக்கிறது, இப்போது கொக்கி தானாகவே பிடித்துக்கொள்ளும், அந்தக் காலம் மாதிரி இல்லை என்றாய். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வியாழக்கிழமை உன்னிடம் சொல்லாமல் பாலக்காட்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் அந்த நகரத்துக்குப் போய் வந்தேன். கோபப்படாதே. குடை, தண்ணீர், மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

காயல் கரை முழுக்க இப்போது நடைபாதை. ஐஸ்கிரீம் விற்கிறார்கள். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. தண்டவாளம் நடைபாதையை ஒட்டியே போகிறது, வேலி இன்னும் போடவில்லை. ஒரு கல்யாண ஜோடி, மாலையோடு, தண்டவாளத்தின் நடுவில் கைகோத்து நடக்கிறார்கள், முன்னால் ஒருவன் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுக்கிறான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள். எண்ணெய் மில்லின் பழைய மதில் இன்னும் அப்படியே நிற்கிறது, அந்த வளைவில் இன்றைக்கும் இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. நான் நின்று பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, சோதனைக்கு ஓட்டுவதற்காக வேகன்கள் நின்றன, புது எஞ்சினும் நின்றது. நான்கு பையன்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒடிசாப் பக்கத்துப் பிள்ளைகள். கொக்கி தானாகப் பிடிக்கும் என்றாயே, பிரேக்குக்கான காற்றுக் குழாயைக் கையால்தானே மாட்ட வேண்டும்? அதற்கு ஒருவன் இரண்டு வேகனுக்கும் நடுவில் குனிந்து நுழைந்தான். வெளியே கொடியும் இல்லை, துண்டும் இல்லை. அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேமரா எஞ்சினுக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே நின்றேன். அவன் வெளியே வரும் வரை கண்ணை எடுக்கவில்லை. வந்தவனைக் கூப்பிட்டேன். வேலி இல்லாததால் நானும் கிட்டே போய்விட்டேன். பேர் கேட்டேன். பிகாஷ் என்றான். உள்ளே போகும்போது எஞ்சின்காரருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். பாக்கெட்டிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்துக் காட்டிச் சிரித்தான். மழையில் இது வேலை செய்யுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, நிழலில் உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தான். "பேடிக்கண்டா அம்மே" என்றான். பயப்படாதீர்கள் அம்மா என்று. கண்ணு, நாளைக்கு உன் வேகன்களுக்கு நடுவில் நுழையப் போகிறவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்.

இப்போது அந்த மீதிப் பாதியைச் சொல்கிறேன். நீ அடிபடுவாயோ என்று பயப்படுகிறேன், எந்தத் தாயும் பயப்படுவாள். அதைவிட, நீ அடிபடாமல், ஒரு கீறலும் இல்லாமல், சட்டை கசங்காமல் எஞ்சினிலிருந்து இறங்கி, உன் மேல் குற்றமில்லை என்று எழுதின காகிதத்தோடு வீட்டுக்கு வருவாயோ என்று பயப்படுகிறேன். அப்படி ஒருவர் வந்து நான் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். இன்னொரு தரம் என்னால் முடியாது. உன் அப்பாவுக்கு எல்லாம் நடந்த பிறகு வந்த பயம் உனக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். எல்லாரும் உன்னைத் தைரியசாலி என்று மாலை போடுவார்கள், செய்தியில் படம் போட்டாலும் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும். எஞ்சினுக்குள் நீ பயந்தாங்கொள்ளியாக இரு. வாக்கி டாக்கியில் பதில் வரவில்லையா, நிறுத்து. வந்த பதில் புரியவில்லையா, நிறுத்து. பதில் நன்றாகவே வந்தாலும் உன் மனசுக்குள் ஏதோ ஒன்று உறுத்துகிறதா, இறங்கிப் போய்ப் பார். கம்பெனிக்காரர் தாமதத்துக்குச் சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும். மாங்காய்க் காலம் வந்தால் மண்டியில் எனக்கு வேலை இருக்கிறது, உனக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறேன். உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உன் அப்பாவைப் பார்த்தும் சிரித்தார்கள். வேலியைப் பற்றியும், உள்ளே நுழைகிறவனுக்கு என்ன அடையாளம் என்பதைப் பற்றியும் உன் மேலதிகாரியிடம் நீ கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவள், அதுவும் பெண், வாய் நீளம் என்பார்கள். அது என்னிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடு.

சந்தோஷந்தானா என்று கேட்டாயே. பெருமையாக இருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் போல இருக்கிறது. அதே நேரம், அந்த உத்தரவைத் திருப்பி அனுப்பிவிடு என்று உன் காலைப் பிடிக்கலாம் போலவும் இருக்கிறது. இரண்டும் உண்மை. போகாதே என்று சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதைச் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீ போகாவிட்டால் அந்த எஞ்சினில் வேறு யாரோ ஏறுவார்கள். அவர்களுக்கு யாரும் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். ஆடி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிகாஷையும் மற்ற மூன்று பேரையும் இங்கே கூட்டிக்கொண்டு வா. லீவு கொடுக்க மாட்டார்கள் என்றால் நான் பாத்திரத்தோடு அங்கே வருகிறேன். ஒடிசாப் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கும் என்று உன் மாமா சொல்கிறான், மீன் குழம்பு வைக்கிறேன். இந்த முறை அடுப்பில் நிஜமாகவே இருக்கும். நீயே நான்கு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறு. யாருக்குக் காரம் ஆகாது, யார் இடது கையால் தண்ணீர் எடுக்கிறான், சிரித்தால் யாருக்கு எந்தப் பல் தெரிகிறது என்று எதிரில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்துக்கொள். அவர்கள் அம்மாக்களின் போன் நம்பரை எனக்கு வாங்கிக் கொடு. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது, ஆனாலும் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை வேலை செய்யும் இடத்தில் எஞ்சின் ஓட்டுவது என் பிள்ளைதான் என்று எப்படியாவது சொல்லிவிடுகிறேன்.

அம்மா